கான்ட்ஸ் ஹில்லுக்கு ஒரு லிஃப்ட்

இல்ஃபோர்ட் பக்கத்து நம் ஆட்களிடம் லண்டனில் பார்க்க வேண்டிய கட்டடம் எது என்று கேட்டால் டவர் பிரிட்ஜ் என்பார்கள், அரண்மனை என்பார்கள். ஊரிலிருந்து மாமாவும் மாமியும் வந்தால் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார்கள். கூட்டிப்போக ரயில் ஏறுகிறார்களே, அந்த கான்ட்ஸ் ஹில் நிலையத்தை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கிழக்கு லண்டன் புறநகர்களில் சாதாரண சனத்துக்கென்று கட்டிய இடங்களில் அதற்கு இணையாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் அங்கே நிலையமே இல்லை. ஈஸ்டர்ன் அவென்யூவில் லாரிகள் உறுமிக்கொண்டு சுற்றும் பெரியதொரு ரவுண்டபௌட், சுற்றிவரக் கடைகள், பொரித்த கோழி வாசம், பஸ் தரிப்பிடங்கள். நடைபாதையில் ஆங்காங்கே கீழே இறங்கும் படிகள். இறங்கினால் சுரங்க நடைபாதை. அது வளைந்து போய் டிக்கெட் எடுக்கும் இடத்தில் சேரும். அங்கிருந்து மூன்று எஸ்கலேட்டர்கள். அவை கொண்டுபோய் விடும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

மற்ற ஆழமான டியூப் நிலையங்களை நினைத்துப் பாருங்கள். ஒடுங்கிய பாதை, ஒரு திருப்பம், முகத்தில் அடிக்கும் புழுதிக் காற்று, பிறகு பிளாட்ஃபாரம். இங்கே இரண்டு பிளாட்ஃபாரங்களுக்கும் நடுவில் நீளமும் உயரமுமாக ஒரு மண்டபம் விரிகிறது. மேலே அரைவட்டமாக வளைந்த கூரை. இரு பக்கமும் ஓடு பதித்த அகலமான தூண்கள், தூணுக்குத் தூண் வாசல். ஒரு பக்க வாசலால் போனால் நகரத்துக்குப் போகும் ரயில், மறுபக்கம் ஹைனோல்ட் போவது. தலைக்கு மேலே இவ்வளவு வெறும் இடம் விட்டிருக்கத் தேவையே இல்லை. டிக்கெட் எடுத்தவனை ரயிலில் ஏற்றுவதற்கு எலிவளை போதும். பிளாட்ஃபாரக் கடிகாரத்தை ஒருமுறை நின்று பாருங்கள். ஒன்று, இரண்டு என்ற எண்களுக்குப் பதிலாக ஒவ்வொரு மணிக்கும் அண்டர்கிரவுண்டின் வட்டச் சின்னம் குட்டியாக இருக்கும். அவசரத்தில் ஓடுகிற எவரும் கவனிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள்.

மண்டபத்தின் மாதிரி மாஸ்கோவிலிருந்து வந்தது. 1930களின் தொடக்கத்தில் சோவியத் அரசு தன் தலைநகருக்குப் பாதாள ரயில் போட முனைந்தபோது லண்டனிடம் ஆலோசனை கேட்டது. லண்டன் டிரான்ஸ்போர்ட்டை நடத்திய ஃபிராங்க் பிக்குக்கு அதற்காக சோவியத் அரசு கௌரவப் பதக்கம் கொடுத்தது. தன் நாடு நீட்டிய சர் பட்டத்தையும் பிரபுப் பட்டத்தையும் வேண்டாம் என்ற மனிதர் அதை மட்டும் வாங்கிக்கொண்டார். 1935இல் மாஸ்கோ மெட்ரோ ஓடத் தொடங்கியது. லண்டன் சுரங்கம் தோண்டும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தது. பிளாட்ஃபாரங்களுக்கு நடுவே பெரிய மண்டபம் வைக்கும் எண்ணம் அங்கிருந்து இங்கே திரும்பி வந்தது. அதை கான்ட்ஸ் ஹில்லுக்கு வரைந்தவர் சார்ல்ஸ் ஹோல்டன். பிக் நம்பி வேலை கொடுத்த கட்டடக் கலைஞர், லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டியவர். அவரும் சர் பட்டத்தை இரண்டு தடவை மறுத்தவர்தான். மாஸ்கோவின் சலவைக்கல்லும் சரவிளக்கும் இங்கே கிடையாது. எனக்கு இதுதான் பிடிக்கும். அரசாங்கம் தன் பெருமையைக் காட்டும் மண்டபத்தில் நிற்கிறவர் தன்னைச் சின்னவராக உணர்வார். இங்கே அப்படித் தோன்றுவதில்லை.

இவ்வளவு வடிவான நிலையத்தைப் புறநகரில் கொண்டுவந்து ஏன் வைத்தார்கள்? வீடுகள் முந்திக்கொண்டு வந்துவிட்டன என்பதுதான் காரணம். முதலாம் உலகப் போருக்குப் பிறகு இல்ஃபோர்டுக்கு வடக்கே வயல்வெளியாகக் கிடந்த நிலத்தில் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. வாங்கியவர்கள் நகரத்தில் வேலை பார்க்கும் கிளார்க்குகள், கடைச் சிப்பந்திகள். வாசலில் ரயில் இல்லை. பஸ் பிடித்து இல்ஃபோர்ட் போய், அங்கே நீராவி ரயிலில் நெரிபட்டு லிவர்பூல் ஸ்ட்ரீட் போய்ச் சேர வேண்டும். 1935இல் அறிவித்த விரிவாக்கத் திட்டத்தில் சென்ட்ரல் லைனைக் கிழக்கே நீட்டி, லேட்டன்ஸ்டோனிலிருந்து நியூபரி பார்க் வரை ஈஸ்டர்ன் அவென்யூவுக்குக் கீழே புதிதாகச் சுரங்கம் தோண்ட முடிவெடுத்தார்கள். இந்த நிலையத்துக்கு இல்ஃபோர்ட் நார்த், கிரான்புரூக் என்றெல்லாம் பெயர் யோசித்தார்கள். சுரங்கம் தயாராகி, தண்டவாளம் போட வேண்டிய நேரத்தில் போர் வந்தது.

பிறகு நடந்ததுதான் எனக்கு மிக நெருக்கமான பகுதி. இல்ஃபோர்டில் பிளெஸ்ஸி என்ற மின்கருவித் தொழிற்சாலை இருந்தது. 1940 குண்டுவீச்சில் அது அடிபட்டது. குண்டு விழாத இடம் வேண்டும். கீழே இரண்டரை மைல் நீளத்துக்கு இரட்டைச் சுரங்கம் வெறுமையாகக் கிடந்தது. 1942இல் வான்ஸ்டெட், ரெட்பிரிட்ஜ், கான்ட்ஸ் ஹில் வழியாக ஆட்களை உள்ளே இறக்கினார்கள். மொத்தம் ஐந்து மைல் நீளம், ஏறக்குறைய பன்னிரண்டு அடி விட்டம் கொண்ட குழாய்க்குள் ஒரு தொழிற்சாலை. வேலை செய்தவர்கள் சுமார் 2,000 பேர், பெரும்பாலும் பெண்கள். சாமான் கொண்டுபோகச் சின்னத் தண்டவாளத்தில் குட்டி ரயில் ஓடியது. விமானங்களுக்கான மின்பாகங்கள், வயர் தொகுதிகள் என்று போர் முடியும்வரை செய்தார்கள்.

வயர் தொகுதி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். 1980களின் கடைசியில் இந்த நாட்டுக்கு வந்து நான் பார்த்த முதல் வேலை அதுதான், ஒரு சின்னத் தொழிற்சாலையில். மேசையில் பெரிய பலகை, அதில் வரைபடம் ஒட்டி ஆணி அடித்திருக்கும். அளவாக வெட்டிய வயர்களை நிறம் பார்த்து ஆணிகளுக்கிடையே வளைத்துப் படுக்க வைத்து, மெழுகு பூசிய நூலால் இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சாக இறுக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் பலகையிலிருந்து எடுத்தால் பின்னிய தலைமுடி போலக் கையில் தொங்கும். நூல் அறுத்த கோடு சுட்டுவிரல் மடிப்பில் இன்னும் இருக்கிறது. ஈயம் பற்றும்போது வருகிற பிசின் புகை வீட்டுக்கு வந்து தலை முழுகினாலும் போகாது. எங்கள் வேலைத்தலத்தில் காற்றோட்டமும் கண்ணாடி ஜன்னலும் இருந்தன. அப்படியிருந்தும் மாலையில் தலை பிளக்கும்.

பக்கத்து மேசையில் வயதான ஒரு இங்கிலீஷ் பெண்மணி இருந்தார். அவருடைய சித்தி அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவராம். "பனிக்காலத்தில் காலை இருட்டோடு இறங்கி மாலை இருட்டோடு ஏறினால் எங்கள் சித்திக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளிச்சம்" என்பார், தேநீர் இடைவேளையில். அதற்கு முன்பே நான் கான்ட்ஸ் ஹில்லால் போய்வந்துகொண்டிருந்தவள்தான். அவர் சொன்ன பிறகு ரயில் அந்தக் குழாயில் நுழையும்போதெல்லாம், இங்கே ஒரு மேசை, இங்கே ஒரு மேசை என்று மனம் வரிசை பிடித்துக்கொண்டே போகும்.

இதே விரிவாக்கப் பாதையில் நகரத்துக்குக் கிட்ட இருப்பது பெத்னல் கிரீன். அது அப்போது கட்டி முடியாத நிலையம். சனம் அதைப் பதுங்குகுழியாகப் பாவித்தது. 1943 மார்ச் 3ஆம் திகதி இரவு படியில் நெரிசல் ஏற்பட்டு 173 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். அன்று அங்கே குண்டு எதுவும் விழவில்லை. மங்கலான வெளிச்சம், ஈரமான படிகள், நடுவில் பிடிக்கக் கைபிடி இல்லை. பாதாள ரயில் நிலையத்தில் படி என்பது சின்ன விஷயமல்ல என்று நினைக்கிறவள் நான்.

போர் முடிந்தது, இயந்திரங்களை வெளியே எடுத்தார்கள், தண்டவாளம் போட்டார்கள். 1947 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை கான்ட்ஸ் ஹில் திறந்தது. இலங்கை சுதந்திரம் அடைய இரண்டு மாதம்கூட இல்லை. பிரிட்டன் அன்றைக்குக் கையில் காசில்லாத நாடு. போர்க்காலத்திலேயே பங்கீடு செய்யாத பாணை 1946இலிருந்து கூப்பனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சிமெந்து தட்டுப்பாடு, இரும்பு தட்டுப்பாடு. பக்கத்து நிலையங்களில் ஹோல்டன் வரைந்ததைச் சுருக்கித்தான் கட்டி முடித்தார்கள். கான்ட்ஸ் ஹில்லிலும் மண்டபத்தை விட்டுவிட்டு இரண்டு பிளாட்ஃபாரத்தோடு நிறுத்தியிருந்தால் அந்த நேரத்தில் எவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பிக் 1941இலேயே காலமாகிவிட்டார், அவருடைய கண்டிப்பும் இல்லை. ஆனாலும் மண்டபத்தைக் கட்டினார்கள்.

இனி என் வழக்குக்கு வருகிறேன். இந்த நிலையத்தில் லிஃப்ட் கிடையாது. தெருவிலிருந்து படிகள், பிறகு எஸ்கலேட்டர்கள். எஸ்கலேட்டர் ஒன்று பழுதுபார்ப்புக்கு நின்றுவிட்டால் அன்றைக்கு முழங்கால் வலிக்காரர்கள் பாடு அவ்வளவுதான். இரட்டைப் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு படி உச்சியில் நிற்கும் தாய்மாரை அடிக்கடி பார்க்கிறேன். கண்ணால் ஆள் தேடுவார்கள். யாராவது ஒரு பெடியன் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு முன்பக்கத்தைத் தூக்குவான். தாய் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னங்காலால் தடவித் தடவி இறங்குவாள். பெடியன் வராத நேரமும் உண்டு. சக்கர நாற்காலிக்காரர்களை நான் அங்கே பார்ப்பதேயில்லை. எப்படிப் பார்க்க முடியும்?

என் முழங்கால் ஒத்துழைக்காத ஒரு நாளில் நிலையத்தில் நின்ற ஊழியர், நம்ம பிள்ளை, பரிவாகத்தான் சொன்னார்: "அன்ரி, நீங்கள் பஸ் எடுத்து நியூபரி பார்க் போங்கோ. அங்கே லிஃப்ட் இருக்கு." உண்மைதான். பல வருட இழுபறிக்குப் பிறகு 2018இல் அங்கே லிஃப்ட் வந்தது. இன்னும் சிலர் இல்ஃபோர்டுக்குப் போகச் சொல்கிறார்கள், எலிசபெத் லைன் இருக்கிறது, புது நிலையம், லிஃப்ட் எல்லாம் உண்டு என்று. அதுவும் உண்மை. ஆனால் கவனியுங்கள், பஸ் பிடித்து இல்ஃபோர்ட் போய் ரயில் ஏறுவது என்பது 1930களில் இந்தத் தெருக்களில் இருந்தவர்கள் பட்ட பாடு. அந்தப் பாட்டைத் தீர்க்கத்தான் இந்த நிலையத்தையே கட்டினார்கள். நடக்க முடிந்தவர்களுக்குத் தீர்ந்துவிட்டது. முடியாதவர்கள் இன்னும் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள்.

காசில்லை என்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தின் கையிருப்பு எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஹோல்டனுடைய மண்டபம் ஒரு வசதியைச் சும்மா தந்திருக்கிறது. பல பழைய ஆழ நிலையங்களில் பிளாட்ஃபாரங்கள் வெவ்வேறு மட்டத்தில் கிடக்கும், பிளாட்ஃபாரத்துக்கு ஒரு லிஃப்ட் என்று துளைக்க வேண்டிவரும். இங்கே இரண்டும் ஒரே மண்டபத்தின் இரு பக்கம், ஒரே மட்டம். டிக்கெட் எடுக்கும் இடத்திலிருந்து மண்டபத்துக்கு ஒரு லிஃப்ட் இறங்கினால் இரண்டு திசைக்கும் அதுவே காணும். தெருவிலிருந்து கீழே வர இன்னொன்று. நான் பொறியியலாளர் இல்லை. ரவுண்டபௌட்டுக்கு அடியில் என்னென்ன குழாயும் கேபிளும் போகிறதோ, வேலை சுலபம் என்று சொல்ல வரவில்லை. மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் இங்கே துவாரம் குறைவு என்பதுதான் என் கணக்கு.

இந்தப் பகுதியின் சனம் மாறியிருக்கிறது. ஒருகாலத்தில் யூதக் குடும்பங்கள் நிறைந்திருந்த தெருக்களில் இப்போது தமிழ், பஞ்சாபி, உருது, வங்காளம் எல்லாம் கேட்கிறது. 2016இலிருந்து வெள்ளி, சனி இரவுகளில் சென்ட்ரல் லைன் விடியும்வரை ஓடுவதால் ரெஸ்டோரன்ட் சமையலறையில் நிற்கும் பிள்ளைகளும் ஆஸ்பத்திரி இரவு வேலைக்காரர்களும் இந்த மண்டபத்தால் வீடு வருகிறார்கள். அவர்களோடு கூட வந்த தாய் தகப்பன்மார் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் பலர் டியூப்பை விட்டு வருடக்கணக்காகிவிட்டது. கேட்டால் "எங்களுக்கு இனி எங்கே போக வேண்டியிருக்கு" என்பார்கள். போக இடம் இருக்கிறது. மேனர் பார்க் முருகன் கோயிலுக்குப் பஸ்ஸிலாவது போகிறார்களே.

எங்கள் சனத்திடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. கவுன்சிலர் வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்தால் பார்க்கிங்கையும் குப்பைத் தொட்டியையும் பற்றிக் கதைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அடுத்த முறை வருகிறவரிடம், மேயருக்கு நிற்கும் கட்சிக்காரரிடமும்தான், கான்ட்ஸ் ஹில் லிஃப்ட் எந்த ஆண்டு என்று கேளுங்கள். பரிசீலனையில் இருக்கிறது என்பார். எந்த ஆண்டு என்று மறுபடியும் கேளுங்கள்.