ஏட்டு மதிப்பு பூஜ்ஜியம்... அதனால எடைக்குப் போடணுமா?

மக்கா, முதல்லயே சொல்லிடறேன். இது தேய்மானத்தோடு ஒரு சண்டை :)

எங்க வீட்டுக் கொல்லையில் பாட்டாவோட 8 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் சாக்கு மூடிக் கிடந்தது. பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பழைய டூ ஸ்ட்ரோக். குமரிக் கடற்கரையில் வள்ளம் ஓட்டுகிறவர்களுக்குப் பழகின சாமான்தான். அதை ஓட வைக்கப் போறேன் என்றதும் வகுப்பு நண்பன் சிரித்தான். "பி.காம் படிக்கிற நீயே இப்படியா? அதோட ஏட்டு மதிப்பு பூஜ்ஜியம்டா. எடைக்குப் போடு!"

அய்யா கணக்குப்பிள்ளை, தேய்மானம் என்பது வாங்கின விலையை வருஷங்களுக்குப் பங்கு வைக்கும் வேலை. பொருள் இன்றைக்கு என்ன பெறும் என்று அளக்கும் வேலை இல்லை. நேர்கோட்டு முறையில் தான் பூஜ்ஜியம் ஆகிவிட்டது அந்த பிஸ்டனுக்குத் தெரியாது.

நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் பிளக்கைக் கழற்றி, உள்ளே எண்ணெய் விட்டு, ஊற விட்டு, கயிற்றை மெதுவாக இழுக்கச் சொன்னார். அசைந்தது! கார்புரேட்டரில் பிசின், கழுவினோம். கியர் ஆயில் பால் மாதிரி வந்தது. தண்ணீர் இறங்கியிருக்கிறது, சீல் போச்சு. தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் விறைத்திருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் இஞ்சின் சூடாகிப் பிடித்திருக்கும். மாற்றியது சில சீல், ஒரு இம்பெல்லர், ஒரு பிளக். இதுக்காகவா முழு மோட்டாரையும் இரும்பு விலைக்குப் போடுவது?

"புகை?" என்பீர்கள். நியாயம். பழைய டூ ஸ்ட்ரோக் எரிபொருளில் ஒரு பங்கை எரிக்காமலே வெளியே தள்ளும். தினமும் தொழிலுக்குப் போகிறவர் புதுசு வாங்கட்டும். நடுக்கடலில் நின்றால் உயிர்ப்பிரச்சினை. அதெல்லாம் காரணம். 'பூஜ்ஜியம்' காரணமே இல்லை.

1909-இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் தொடங்கிய அவுட்போர்டு மோட்டார் உற்பத்தி 2020-இல் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே விற்ற மோட்டார்கள் இனி ஓடுவது பழுது பார்க்கத் தெரிந்த கைகளை நம்பித்தான். நம்ம மெக்கானிக் அண்ணனிடம் தொழில் பழக இப்போது ஒருத்தரும் வருவதில்லை. அந்தக் கை எந்த ஏட்டிலும் சொத்தாக ஏறாது. போனாலும் நட்டமாகக் காட்டாது.

கடைசி ஞாயிறு, தண்ணீர் டிரம்மில் மோட்டார் ஓடியது. பாட்டா காதைச் சாய்த்துக் கேட்டார். "மண்ணெண்ணெய்க்கு மாத்தாதே, இன்னும் சூடாகல்ல."

இதை எங்கே எழுதுவது நண்பா... பற்றிலா, வரவிலா?