துருக்கி மொழியும் தொல்பெயர்களும்

விவிலிய நூலின் இறுதியிலே சேர்த்துக் கட்டப்பெற்ற நிலப்படங்களைக் கோயிலில் அமர்ந்து பார்த்துப் பொழுது போக்காத கிறித்தவச் சிறுவர் அரியர். பிரசங்கம் நீண்டபோதெல்லாம் பவுல் அடிகளோடு தர்சு, இக்கோனியா, எபேசு முதலிய ஊர்கட்கு யாமும் பயணஞ் செய்ததுண்டு. அண்மையில் எம் கல்லூரி நூல்நிலையத்தே இற்றைநாள் துருக்கி நாட்டின் படம் ஒன்றை விரித்து, அப்பழைய படத்தோடு ஒத்து நோக்கினோம். வெளிப்படுத்தின விசேஷத்துட் கூறப்பெறும் ஏழு சபைகளின் ஊர்களும் அந்நாட்டின் எல்லைக்குள்ளே அடங்குவன. அவற்றுள் சிமிர்னா இஸ்மிர் என்றும், பெர்கமு பெர்காமா என்றும், சர்தை சார்த் என்றும் உருத்திரிந்து வழங்குகின்றன. தியத்தீரா இருந்த இடத்தில் அக்ஹிசார் என்னும் ஊரும், பிலதெல்பியா இருந்த இடத்தில் அலாஷெகிர் என்னும் ஊரும் உள்ளன. எபேசுவின் இடிபாடுகட்கு அருகே செல்சுக் என்பதும், லவோதிக்கேயாவின் இடிபாடுகட்கு அருகே தெனிஸ்லி என்பதும் காணப்படுகின்றன.

இப்பெயர்களை நோக்கியவழி எம் உள்ளத்தே ஒரு வினா எழுந்தது. ஒரு நாட்டில் இன்று வாழ்வோர் பேசும் மொழியைக்கொண்டு அந்நாட்டின் பண்டைப் பெயர்களுக்குப் பொருள் கூறலாமோ? பண்டைச் சொற்களும் ஊர்ப்பெயர்களும் துருக்கி மொழியினின்றே பிறந்தன என்று வாதிப்போர் முன்னும் இருந்தனர். இன்னும் ஆங்காங்கு உளர். அவர் கூற்றை ஆராய்வது பிறர் குற்றம் பேசி மகிழ்தற்கன்று. தமிழ் பயிலும் நமக்கும் அதன்கண் ஒரு பாடம் உண்டு என்பதனாலேயாம்.

முதற்கண் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். உதுமானியப் பேரரசு வீழ்ந்தபின், 1923-ஆம் ஆண்டில் துருக்கி குடியரசாயிற்று. 1928-இல் அரபு எழுத்து நீங்கி இலத்தீன் எழுத்து வழக்கிற்கு வந்தது. 1932-இல் மொழியைச் சீர்செய்தற்கென ஒரு கழகம் நிறுவப்பெற்றது. பின்னர் 1935-ஆம் ஆண்டளவில் 'ஞாயிற்று மொழிக் கொள்கை' என்பது தோன்றி, 1936-இல் கூடிய மூன்றாம் மொழி மாநாட்டில் முதன்மையிடம் பெற்றது. ஆதிமனிதன் ஞாயிற்றை நோக்கி வியந்து எழுப்பிய ஒலியே மொழிக்கு வித்து என்பதும், அவ்வித்தினின்று வளர்ந்த முதன்மொழி துருக்கியே என்பதும், ஏனைய மொழிகளெல்லாம் அதன் வழியின என்பதும் அக்கொள்கையின் சாரம். குடியரசின் தலைவராகிய முஸ்தபா கெமால் அத்தாதுர்க் அதனைத் தாமே பேணி வளர்த்தார். 1938-இல் அவர் மறைந்தபின் அதுவும் கைவிடப்பட்டது.

இக்கொள்கையைக் கேட்டு நகைத்தல் எளிது. அமெசான் ஆற்றின் பெயர் 'அமா உசுன்' என்பதாம். 'ஆனால் நீளமானது' என்பது அதன் பொருள். நயாகரா அருவியின் பெயர் 'நே யாய்காரா' என்பதாம். 'என்ன ஆரவாரம்' என்பது அதன் பொருள். இங்ஙனம் எள்ளி வழங்குஞ் சொல்விளக்கங்கள் துருக்கியரிடையேயே உண்டு. ஆயினும், நகைப்பதன்முன் அக்கொள்கை பிறந்த காரணத்தை எண்ணிப்பார்த்தல் நேர்மையாகும். ஐரோப்பியருட் பலர் துருக்கியரை நாடோடிகள் என்றும், அழிக்கவன்றி ஆக்க அறியாதவர் என்றும் இகழ்ந்து எழுதினர். போரில் தோற்று, நிலமிழந்து, இகழப்பட்ட மக்கள் 'யாமே மூத்தோம்' என்று கூறி ஆறுதல் அடைய விழைந்தமை வியப்பன்று. 1933-இல் நிறுவிய அரசாங்க வங்கிக்குச் சுமேரியர் பெயரையும், 1935-இல் நிறுவிய மற்றொன்றற்கு இத்தியர் பெயரையும் அவர்கள் சூட்டினமையும் இவ்விழைவினாலேயாம்.

காரணம் இரங்கத்தக்கதாயினும் கூற்று உண்மையாகிவிடாது. இத்தியர் மொழியை எடுத்துக்கொள்வோம். களிமண் பலகைகளிற் பொறித்த அம்மொழியின் இயல்பை ஹ்ரோஸ்னி என்னும் செக் அறிஞர் 1915-ஆம் ஆண்டில் விளக்கினார். அதன்கண் நீருக்குப் பெயர் 'வாதர்'. ஆங்கிலத்தின் 'வாட்டர்' என்பதோடு அஃது ஒத்திருத்தல் தற்செயலன்று. வேற்றுமையுருபுகளும் வினைவிகுதிகளும் ஒத்து நிற்றலின், அது துருக்கியினத்ததன்று, வடமொழியும் கிரேக்கமும் அடங்கிய குடும்பத்ததே என்பது தெளிவாயிற்று. இத்தியரோ கிறித்துவுக்கு முன் பன்னூறாண்டு வாழ்ந்து மறைந்தோர். துருக்கியர் அந்நாட்டிற் பெருந்திரளாகப் புகுந்தது 1071-ஆம் ஆண்டு மான்சிகர்த்துப் போரின் பின்னரேயாம்.

சுமேரியச் சொல்லொன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். அம்மொழியில் 'திங்கிர்' என்பது தெய்வம். பழந்துருக்கியில் 'தெங்க்ரி' என்பது வானமும் தெய்வமும் ஆம். ஒலியும் பொருளும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன! ஆயினும், ஒரு சொல் ஒத்தது கொண்டு இருமொழியை உறவாக்குதல், ஒரு முகம் ஒத்தது கொண்டு இருவரை உடன்பிறந்தார் என்பது போலும். எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், உறுப்புப்பெயர் என்னும் அடிப்படைச் சொற்களில் ஒரே வகையான ஒலித்திரிபு தொடர்ந்து காணப்படல் வேண்டும். சுமேரியத்திற்கும் துருக்கிக்கும் இடையே அத்தகைய தொடர்பு நிறுவப்பெறவில்லை.

இனி, ஊர்ப்பெயர்களைக் காண்போம். இஸ்மிர் என்பதைத் துருக்கிச் சொல்லாகவே ஒருவர் மயங்கக்கூடும். ஆனால் சிமிர்னா என்னுங் கிரேக்க வழக்கே முற்பட்டது. கிரேக்கர் 'ஸ்மிர்' என இருமெய் முதலாகக் கூறியதைத் துருக்கியர் முன்னர் ஓர் இகரம் இட்டு வழங்கினர். பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நம் சிற்றூரார் 'இஸ்கூல்' என்பதும் இவ்வாறே. ஈரிடத்தும் இயங்குவது ஒரே நாவியல்பு; உறவன்று. கய்சேரி என்பது உரோமச் சீசரின் பெயர் தாங்கிய செசரியா என்னும் ஊரே. இஸ்தான்புல் என்பது 'நகரத்திற்குள்' எனப் பொருள்படும் கிரேக்கத் தொடரினின்று வந்தது என்பர். பிற்காலத்தார் அதனை 'இஸ்லாம்போல்' எனத் திரித்து, 'இஸ்லாம் நிறைந்தது' எனப் பொருள் கொண்டனர்.

மறுதலையாக, உண்மையான துருக்கிப் பெயர்களும் எண்ணிறந்தன. கிரேக்கர் ஹாலிஸ் என்ற ஆறு இன்று 'கிசிலிர்மாக்', அஃதாவது செவ்வாறு. நடு ஆசியாவின் 'காராகும்' கருமணல், 'கிசில்கும்' செம்மணல். அக்ஹிசார் என்பதிலோ 'அக்' என்னும் வெண்மைச் சொல் மட்டும் துருக்கியது. கோட்டையைக் குறிக்கும் 'ஹிசார்' அரபியினின்று வந்தது. அலாஷெகிரில் நகரைக் குறிக்கும் 'ஷெகிர்' பாரசீகம். தெனிஸ்லியின் கதை இன்னும் சுவையுடையது. 'தெனிஸ்' என்பது கடல். எனவே அவ்வூர்ப் பெயர் 'கடலுடையது' எனப் பொருள்படும். ஆனால் அங்குக் கடல் இல்லை! பதினான்காம் நூற்றாண்டில் அவ்வூர் சென்ற இபின் பதூதா அதன் பெயருக்குப் 'பன்றிகளின் ஊர்' என்று பொருள் எழுதிவைத்தார். தம் தாய்மொழிப் பெயரிலேயே இற்றை வடிவம் ஒருவரை ஏமாற்றுமாயின், அயன்மொழிப் பெயரில் எத்துணை விழிப்பு வேண்டும்!

துருக்கி மொழிக்குத் தனக்கெனப் பெருமை இல்லையோ எனின், மிகவுண்டு. மங்கோலியாவில் ஒர்க்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் நிற்கின்றன. அவற்றை 1893-இல் தென்மார்க்கு அறிஞர் தாம்சன் படித்துக் காட்டினார். அவ்வெழுத்திற்கு அவர் வழிகண்ட காலத்து முதலில் தெளிவுற்ற சொற்களுள் ஒன்று 'தெங்க்ரி' என்பதே. 1070-களில் மஹ்மூத் அல் காஷ்கரி என்பார் துருக்கிச் சொற்களைத் தொகுத்து அரபியில் பொருள் விளக்கிய பேரகராதி ஒன்று செய்தார். நம் தமிழிலும் அம்மொழியின் சுவடு உண்டு. 'துப்பாக்கி' துருக்கியரின் 'துபெக்' என்பதன் வழியது என்பர். 'உருது' என்னும் மொழிப்பெயர் பாசறையைக் குறிக்கும் 'ஒர்து' என்பதினின்று வந்தது. ஞாயிறுதோறும் எம் விடுதியில் யாம் ஆவலோடு எதிர்நோக்கும் குருமாவும் 'கவுர்மா' என்னுந் துருக்கிச் சொல்லின் வழித்தோன்றலே. இத்துணை உண்மைச் செல்வம் உடையார்க்கு இல்லாத சுமேரியச் செல்வம் எற்றுக்கு?

இவ்விடத்து நம்மை நோக்கியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். இடையன்குடியில் நெடுங்காலம் பணியாற்றிய கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளைத் துருக்கி முதலியன அடங்கிய சிதியக் கூட்டத்தோடு உறவுபடுத்தக் கருதினார். அவர் அங்ஙனங் கருதியதற்குக் காரணம் உண்டு. துருக்கியில் 'எவ்' என்பது வீடு, 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெர்தே' வீடுகளில். பகுதியும் பன்மையும் உருபும் தமிழிற்போன்றே வரிசையாக ஒட்டி நிற்கின்றன. ஆயினும், அமைப்பு ஒத்தல் வேறு, பிறப்பு ஒத்தல் வேறு எனப் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. இற்றை மொழிநூலார் அவ்வுறவை ஏற்பதில்லை. அதனால் கால்டுவெலாரின் புகழ் குறைந்ததோ? இல்லை. தென்மொழிகள் தம்முட் கொண்ட உறவை அவர் சான்றுகொண்டு நிறுவிய பகுதி அசையாது நிற்கின்றது; சான்று மெலிந்த பகுதியே உதிர்ந்தது. பேரறிஞர்க்கே இவ்விதி எனின், மாணவராகிய நமக்குச் சலுகை உண்டோ?

கூலி என்னுஞ் சொல்லைக் காண்க. ஆங்கிலத்தில் சுமை தூக்குவோரைக் குறிக்க வழங்கிய 'கூலி' என்பதை அடிமையைக் குறிக்கும் 'குல்' என்னுந் துருக்கிச் சொல்லோடு இணைப்பார் சிலர். தமிழ்க் கூலியோ திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்திலேயே உள்ளது. துருக்கியர் இந்நாடு புகுதற்குப் பன்னூறாண்டு முந்தையது. ஆகவே நம் சொல் நம்முடையதே. ஆயின், ஆங்கிலச் சொல் நம் சொல்லினின்றே சென்றதோ, கூர்ச்சர நாட்டுக் கோலி என்னும் குலப்பெயரினின்று சென்றதோ என்பது வேறு வினா. முதல் வினாவில் வென்ற களிப்பினால் இரண்டாவதையும் ஆராயாமல் நமதென்று முழங்குதல் முறையன்று. பட்டிமன்றங்களில் உலகத்து ஊர்களையெல்லாம் தமிழாக்கிக் கைதட்டல் பெற்றோர் உளர். அங்ஙனம் கைதட்டியவருள் யாமும் இருந்தோம் என்பதை மறைக்கவில்லை.

'இகழப்பட்ட மக்கள் சிறிது மிகுத்துக் கூறினால் வரும் தீங்கு என்னை?' என்று நண்பர் சிலர் வினவினர். தீங்கு உண்டு. எபேசுவின் அருகிலுள்ள செல்சுக் என்னும் ஊருக்கு முன்னர் அயசுலுக் என்று பெயர். 'தூய இறைநூலறிஞர்' எனப் பொருள்படும் கிரேக்கத் தொடரின் சிதைவு அது. யோவான் அடிகளையே குறிப்பது. துருக்கியர் நாவிலேயே பல நூற்றாண்டு வழங்கிய அப்பெயர் இருபதாம் நூற்றாண்டில் செல்சுக்கியர் பெயருக்கு இடங்கொடுத்து அகன்றது. அந்நூற்றாண்டில் அந்நாட்டில் கிரேக்க, ஆர்மீனிய, குர்திய ஊர்ப்பெயர்கள் பல்லாயிரம் அரசாங்க ஆணையால் மாற்றப்பெற்றன. பழம்பெயரெல்லாம் எமதே என வலிந்து பொருள் கூறுவதும், எமதல்லாத பெயரை அழித்து எழுதுவதும் ஒரே மனத்தின் இரு கைகள். ஊர்ப்பெயர் என்பது, பேச வாயற்றுப் போன மக்கள் விட்டுச்சென்ற சாட்சி. அச்சாட்சியின் வாயில் நம் சொல்லை இடுவது பொய்ச்சாட்சி. அதன் வாயை அடைப்பதும் அத்தகையதே. பத்துக் கட்டளைகளுள் ஒன்று அதனைத் தடுக்கின்றமை யாவரும் அறிவர்.

ஆகவே, சொல்லாராய்ச்சியிற் புகும் மாணவத் தோழர்க்கு யாம் வேண்டுவன மூன்று. அச்சொல் முதன்முதல் எங்கே, எந்த ஆண்டில் எழுதப்பெற்றது என்று கேட்க. அக்காலத்து அவ்விடத்தே வாழ்ந்தோர் யாவர், பேசிய மொழி யாது என்று கேட்க. நாம் காட்டும் ஒலித்திரிபு அவ்வொரு சொல்லுக்கு மட்டுமோ, அதனையொத்த பிற சொற்கட்கும் பொருந்துமோ என்று கேட்க. இம்மூன்றற்கும் விடை கிடைத்தபின் 'இஃது எம் சொல்' என்று தலைநிமிர்ந்து கூறுவோம். கிடையாதாயின், 'இது பிறருடையது. அவர் பெயரோடே இருக்கட்டும்' என்று கூறவும் நாணாதிருப்போம். தாய்மொழிக்கு நாம் செய்யும் தொண்டில் அதுவும் ஒன்றாகும்.