துண்டும் சோப்பும் வாடகைக்குள் அடக்கமா, இல்லையா?



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கொடைக்கானலில் ஒரு வீட்டை வாங்கி நாள் வாடகைக்கு விடும் என் மாணவன் ஒருவன் போட்டது. பெயர் சொல்லப் போவதில்லை, படித்ததும் அவனுக்கே தெரியும். வீட்டு வாசலில் ஒட்டப்போகும் அறிவிப்பாம். "படுக்கை விரிப்பு, துண்டு, சோப்பு ஆகியவற்றை விருந்தினர்களே கொண்டு வரவும். தேவைப்பட்டால் தனிக் கட்டணம்." அதன் கீழே வரிசையாகக் கைதட்டல். "சூப்பர் மாப்ள", "கரெக்டான முடிவு" என்று பத்து பேர். அதில் நாலு பேர் என்னிடம் நாலாம் வகுப்பில் கணக்குப் படித்தவர்கள். அதனால்தான் கூடுதல் வருத்தம்.

குழுவில் எழுதினால் நடுவில் யாராவது காலை வணக்கப் பூ அனுப்பிவிடுகிறார்கள், பேச்சு சிதறிவிடுகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்கள்தானே, பொறுமையாகப் படியுங்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு இரவுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒருவரைத் தன் வீட்டில் படுக்க வைக்கிறவர், துவைத்த விரிப்பும் தலையணை உறையும், ஆளுக்கு ஒரு துண்டும், குளிக்க ஒரு சோப்பும் கொடுத்தே ஆக வேண்டும். குளிர் ஊர் என்றால் போர்வையும் சேர்த்து. இது உபசாரம் இல்லை, வாடகைக்குள் அடங்கிய பொருள். பிரஷ், பேஸ்ட், சீப்பு, தலைக்கு எண்ணெய், ஷேவிங் சாமான் எல்லாம் அவரவர் பை. அதை யாரும் கேட்கவில்லை.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலில் எங்கள் சித்தப்பா. எண்பது வயதிலும் குழுவில் உடனே பதில் போடுவார். "அந்தக் காலத்தில் ஹோல்டாலில் மெத்தை, போர்வை, சொம்பு எல்லாம் கட்டிக்கொண்டுதானே யாத்திரை போனோம்? இப்போது மட்டும் என்ன?" என்கிறார். சித்தப்பா, நீங்கள் போய் இறங்கியது சத்திரத்தில். சத்திரத்தில் தலைக்கு எவ்வளவு வாங்கினார்கள்? ஒன்றுமில்லை, அல்லது உண்டியலில் போட்ட நாலணா. தர்மத்துக்குக் கட்டிய இடத்தில் கூரையும் கிணற்றுத் தண்ணீரும் கிடைத்ததே பெரிது, அங்கே துண்டு கேட்பது நியாயமில்லை. ஒரு ராத்திரிக்கு மூவாயிரம் வாங்குகிறவர் சத்திரத்து நியாயத்தைப் பேச முடியாது. வாடகை வாங்கும்போது ஓட்டல், துண்டு கேட்டால் சத்திரம் என்றால் எப்படி?

அடுத்து, ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை மகன். "பெரியம்மா, இங்கே விடுமுறை வீடுகளில் விரிப்பை நாமே கொண்டுபோவது சகஜம், இல்லாவிட்டால் தனியாகப் பணம் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதியிருந்தான். உண்மைதான் கண்ணா, டென்மார்க்கிலும் அப்படி உண்டு. ஆனால் நீ அங்கே எப்படிப் போகிறாய்? காரின் பின்னால் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு, ஒரு வாரம் முழுக்கத் தங்கப் போகிறாய். பதிவு செய்யும்போதே கட்டணம் எழுதியிருக்கிறது. இங்கே மதுரையிலிருந்தோ தேனியிலிருந்தோ ஒரு குடும்பம் பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, பஸ்ஸில் வளைந்து வளைந்து வாந்தியெடுத்துக்கொண்டு வருகிறது. தங்குவது ஒரு ராத்திரி. அவர்கள் ஆறு பேருக்கு ஆறு விரிப்பும் ஆறு துண்டும் சுமந்து வர வேண்டுமா? திரும்பும்போது அதே துண்டு ஈரமாக இருக்கும், மலையில் காயாது. பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேரும்போது நாற்றம் எட்டு ஊருக்கு அடிக்கும். அந்த நாட்டு வழக்கத்தில் வசதியானதை மட்டும் இறக்குமதி செய்யக் கூடாது.

உள்ளூரில் பார்க்க வேண்டுமானால் ரயிலைப் பாருங்கள். ஏசி பெட்டியில் இரண்டு விரிப்பு, தலையணை, கம்பளி, கைத்துண்டு கொடுக்கிறார்கள், எல்லாம் டிக்கெட் விலையில் அடக்கம். கரோனாவில் நிறுத்தி, 2022 மார்ச்சில் திரும்பக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ராத்திரி ஏறி காலையில் இறங்குகிறவனுக்கே கவர்ன்மென்ட் விரிப்பு கொடுக்கிறது. ஏர்பிஎன்பி என்ற வெளிநாட்டுக் கம்பெனிகூட, அத்தியாவசியப் பொருள்கள் இந்த வீட்டில் உண்டு என்று போட வேண்டுமென்றால் சோப்பு, ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு தலையணை, படுக்கை விரிப்பு, டாய்லெட் பேப்பர் இவ்வளவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அத்தியாவசியம் என்று வியாபாரம் செய்கிறவனே எழுதிவைத்திருக்கிறான்.

சரி தம்பி, உன் உண்மையான கவலை செலவு. கணக்கு போடுவோம், பென்சிலை எடு. ஒரு கட்டிலுக்கு விரிப்பும் இரண்டு தலையணை உறையும் சேர்த்து 800 ரூபாய் என்று வைத்துக்கொள். நல்ல கெட்டிப் பருத்தி, நூறு முறை துவைத்தாலும் நிற்கும் என்று வை. ஒரு தங்கலுக்கு 8 ரூபாய் ஆயிற்று. துண்டு 200 ரூபாய், அதற்கும் நூறு சலவை, ஒன்றுக்கு 2 ரூபாய், இரண்டு பேருக்கு 4. சலவைக் கூலி எல்லாம் சேர்த்து 100 என்று தாராளமாகவே போடு. சோப்புக்கு ஒரு 15. கூட்டினால் 127 ரூபாய். என் கணக்கு தப்பென்றால் இரட்டிப்பாக்கு, 254. நீ வாங்குவது 3,000. பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அதையும் உன் கையிலிருந்து போடச் சொல்லவில்லை. வாடகையை 3,250 ஆக்கு! யார் தடுத்தார்கள்? நாளை வருகிறவர் அந்த விலையைப் பார்த்து வரலாமா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்வார்.

நீ அதைச் செய்யமாட்டாய். ஏனென்றால் கைப்பேசியில் விலைவாரியாக அடுக்கும்போது 3,000 என்று இருந்தால் உன் வீடு மேலே வரும். ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து இறங்கினவர், வேறு போக்கிடம் இல்லாதவர், அப்போது துண்டுக்கு 100, விரிப்புக்கு 150 என்று கேட்டால் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? என் கோபம் இந்த இடத்தில்தான். தராசில் புளியை அடியில் ஒட்டுகிற கடைக்காரருக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இந்த ஏற்பாட்டில் பாரம் யார் தலையில் விடிகிறது என்று நான் நேரில் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பரில் எங்கள் குடும்பம் ஏழு பேர் ஒரு மலை ஊரில் இப்படி ஒரு வீட்டில் தங்கினோம். எந்த ஊர், யார் வீடு என்பது வேண்டாம். உரிமையாளர் வேறு ஊரில் இருக்கிறார், வீட்டைப் பார்த்துக்கொள்வது ஒரு கணவன் மனைவி. கட்டிலில் இருந்த விரிப்பில் முன்னால் தங்கினவர் தலைமுடி. போர்வை மொத்தம் நாலு. உரிமையாளருக்குப் போன் போட்டால் "போர்டில் எழுதியிருக்கிறதே மேடம்" என்று வைத்துவிட்டார். என் பேத்தி குளிரில் நடுங்குவதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் எதுவும் பேசாமல் போனார். கால்மணி நேரம் கழித்து இரண்டு கம்பளியோடு வந்தார். அவர் பிள்ளைகள் போர்த்திக்கொண்டிருந்தது என்பது கையில் வாங்கியதும் தெரிந்தது, சூடு இருந்தது. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். காலையில் காசு கொடுத்தேன், அதையும் தயங்கித்தான் வாங்கினார். விரிப்பை எல்லாம் யார் துவைக்கிறது என்று கேட்டேன். அவர்தான், கையால், சம்பளத்துக்குள்ளேயே. உரிமையாளர் மிச்சம் பிடித்த 127 ரூபாயை அந்தக் குடும்பம்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அதனால் தம்பி, நீ விரிப்பு கொடுத்தால் மட்டும் போதாது. துவைப்பதற்கு வாஷிங் மெஷின் வை, இல்லாவிட்டால் சலவைக்குப் போடு, இரண்டும் இல்லையென்றால் உன் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று தனியாகக் கொடு.

சுத்தம் பற்றி நான் பேசாமல் இருந்தால் நீங்களே நம்பமாட்டீர்கள். திங்கட்கிழமை நகம் பார்த்த டீச்சர் ஆயிற்றே. சிரங்கு எப்படிப் பரவும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். அந்தப் பூச்சி மனித உடம்பை விட்டு இறங்கினாலும் இரண்டு மூன்று நாள் துணியில் உயிரோடு இருக்கும். நேற்று ஒருவர் படுத்த விரிப்பில் இன்று இன்னொருவர் படுத்தால் சில நேரம் அப்படியும் பரவக்கூடும். துணியை வெந்நீரில் துவைத்தால் சாகும். மூட்டைப்பூச்சி பற்றிச் சொல்லவே வேண்டாம். "அதனால்தான் அவரவர் விரிப்பு கொண்டுவரச் சொல்கிறேன்" என்று ஒரு கெட்டிக்காரர் குழுவில் எழுதியிருந்தார். ஐயா, ஐம்பது குடும்பம் ஐம்பது வீட்டுத் துணியை உங்கள் மெத்தைமேல் விரித்துப் போகிறது. எது துவைத்தது, எது துவைக்காதது என்று உங்களுக்குத் தெரியுமா? நீங்களே துவைத்துக் கொடுத்தால்தான் உங்கள் மெத்தைக்கும் காவல்.

கம்பளியைத் தினமும் துவைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ரயில்வேயிலேயே மாதம் ஒரு முறையாவது துவைக்கிறோம் என்றுதான் 2024 நவம்பரில் அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார், ஊரெல்லாம் சிரித்தார்கள். ஆனால் அதே பதிலில், கம்பளிக்கு உறைபோல இருக்கத்தான் கூடுதல் விரிப்பு கொடுக்கிறோம் என்றும் இருந்தது. அதுதான் வழி. கம்பளிக்கு அடியில் ஒரு துவைத்த விரிப்பு. மெத்தைக்கு மேல் தண்ணீர் இறங்காத உறை ஒன்று. குழந்தை படுக்கையை நனைக்கும், வயதானவர்களுக்கு அடக்க முடியாது, பெண்களுக்கு மாதநாள் வரும். இதெல்லாம் மனிதர் தங்கும் வீட்டில் நடப்பதுதான். கறை பட்டால் அபராதம் என்று போர்டு வைக்கிறவர், ஒரு உறை வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது.

தங்குகிற நம் ஆட்களையும் நான் விடப் போவதில்லை. வெள்ளைத் துண்டில் தலைச்சாயம் துடைப்பது, ஷூ துடைப்பது, மருதாணிக் கையை விரிப்பில் தேய்ப்பது, புறப்படும்போது துண்டைப் பெட்டிக்குள் திணிப்பது எல்லாம் நாம் செய்வதுதான். குற்றாலத்தில் சீசனுக்கு வீடு விடுகிற ஒரு மாணவி சொன்னாள், எண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்படியே வந்து கட்டிலில் சாய்ந்துவிடுகிறார்களாம். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போடத் தடை இருக்கிறது, அதனால் அறையில் வந்துதான் போட்டுக்கொள்கிறார்கள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? விரிப்பை நிறுத்தவில்லை. அறைக்கு இரண்டு பழைய காடாத் துணியும் ஒரு பாயும் வைத்து "எண்ணெய்க் குளியலுக்கு" என்று எழுதிவைத்துவிட்டாள். முன்பணத்தில் ஒரு சிறு தொகையை நிறுத்திவைத்து, துண்டை எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறாள். நாளைக்கு மூன்று தடவை அருவிக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒரு துண்டு போதாது என்று கொடியும் கிளிப்பும் பின்கட்டில் கட்டிவைத்திருக்கிறாள். படிப்பில் அவள் சுமார்தான். உங்களைவிடக் கெட்டிக்காரி.

சோப்பு விஷயம் சின்னது. ஓட்டலில் தருகிற பிஸ்கட் அளவு சோப்பும் வேண்டாம், சாஷேயும் வேண்டாம். மலையில் போய்க் கால் வைக்கும் இடமெல்லாம் ஷாம்பு உறை கிடக்கிறது. சுவரில் ஒரு பம்ப் பாட்டிலில் திரவ சோப்பு ஊற்றி வையுங்கள், தீரும்போது நிரப்புங்கள், முடிந்தது.

கரூரிலிருந்து படுக்கை விரிப்பும் துண்டும் கப்பலேறி உலகமெல்லாம் போகின்றன. சென்னிமலையில் நெசவாளர் சங்கத்துக் கடையில் அடுக்கடுக்காக இருக்கின்றன. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இவ்வளவும் நெய்கிற ஊர்க்காரன் தன் வீட்டில் தங்க வந்தவரைப் பார்த்து "உங்கள் துண்டு எங்கே?" என்று கேட்கிறான். மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். யாராவது நாலு பேர் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் சொல்லுங்கள், சென்னிமலையில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர் இருக்கிறார், தொடர்புபடுத்தி விடுகிறேன்.

கட்டிலுக்கு மூன்று செட் வேண்டும் தம்பி, இரண்டு போதாது. ஒன்று கட்டிலில், ஒன்று அலமாரியில், ஒன்று சலவையில். ஐப்பசி கார்த்திகையில் அங்கே துணி இரண்டு நாள் ஆனாலும் காயாது, அப்போது இரண்டு செட் வைத்திருக்கிறவர்தான் ஈரத் துணியை இஸ்திரி போட்டு விரிப்பார். வாசலில் அந்தப் போர்டை ஒட்டிவிட்டாயா, இன்னும் இல்லையா என்று சொல். தை மாதம் பொங்கல் விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் வருகிறோம். டீச்சர் என்பதற்காக வாடகையில் ஒரு ரூபாய் குறைக்கக் கூடாது, அந்த 250-ஐயும் சேர்த்தே போடு.