பாட்டனார் காணாத பட்டணம்

எம்மிடம் வணிகம் கற்றுப் பின் பல்கலைக்கழகம் புகுந்த மாணவன் ஒருவன், விடைபெறும்பொருட்டுச் சென்ற ஞாயிறன்று எமது இல்லத்துக்கு வந்தான். மூன்று மாதத் தொழிற்பயிற்சிக்காகக் கடல் கடந்து செல்கின்றான். தாயாரும் உடன் வந்திருந்தார். மகன் கோப்பி அருந்தி முடியுமட்டும் வாய் திறவாதிருந்த அவ்வம்மையார், புறப்படும்பொழுது வாசற்படியில் நின்று, "சேர், அங்கை எங்கடை ஆக்களோடை மட்டும் திரியச் சொல்லி ஒரு சொல் சொல்லிவிடுங்கோ" என்றார்.

தாயுள்ளத்தின் அச்சம் நாம் அறியாததன்று. ஆயினும் அந்த ஒரு சொல்லை எம்மாற் சொல்ல இயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு. வாசற்படியில் நின்று விளக்கக்கூடிய காரணம் அன்று அது. ஆதலின் இவ்வாரம் இப்பத்தியில் எழுதத் துணிந்தோம்.

2003ஆம் ஆண்டு ஜூலை தொடக்கம் செப்ரெம்பர் வரை, கோலாலம்பூர் நகரிற் கணக்காளர் அலுவலகம் ஒன்றில் நாம் பயிற்சி பெற்றோம். போர்நிறுத்தம் வந்து, 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டு ஓராண்டு கடந்திருந்த காலம். எம் வயதினர் மின்விளக்கின்றிப் படித்தவர்கள்; ஊரடங்கிலே வளர்ந்தவர்கள். கோலாலம்பூரில் முதல் நாளிரவு பத்து மணிக்குத் தெருவில் இறங்கி நடந்தோம். எதிரே பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். எம்மை அறியாமலே எமது கை சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தேடிற்று. அவரோ எம்மைப் பாராமலே கடந்து போனார். அவ்விரவு நெடுநேரம் நடந்தோம்.

அந்நகரம் எமக்கு முற்றிலும் புதியதன்று என்றே எண்ணியிருந்தோம். எமது பாட்டனார் 1920களின் இறுதியிற் கப்பலேறி மலாயா சென்று, அங்கே புகையிரதப் பகுதியில் இலிகிதராய்ப் பணியாற்றி, அந்நாடு சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டில் ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் 'மலாயாப் பென்சனியர்' என்றாற் போதும், அவ்வீட்டுக் கல் மதிலும் சாய்மனைக் கதிரையும் கண்முன் நிற்கும். அக்கதிரையின் அருகே அமர்ந்து நாம் கேட்ட கதைகள் பல. குவிமாடங்கள் கொண்ட புகையிரத நிலையம், பிறிக்பீல்ட்ஸ் பகுதியிலே அரசாங்க விடுதி, நல்லூரை நினைந்து நம்மவர் எழுப்பிய கந்தசுவாமி கோயில் என்பனவே அக்கதைகளில் மாறாது வரும் இடங்கள். 1989இல் அவர் இறந்தபொழுது எமக்கு வயது எட்டு. 1995 இடப்பெயர்வின்பின் ஊர் மீண்டபொழுது, வீட்டிற் கூரை இல்லை. மலாயாவில் எடுத்த புகைப்படங்களும் இல்லை. அவர் பெயரின் முதலெழுத்துக்களும் 'கோலாலம்பூர்' என்ற ஊர்ப்பெயரும் வெள்ளை மையால் எழுதப்பட்ட றங்குப் பெட்டி ஒன்றே எஞ்சியிருந்தது.

எமது அலுவலகத்தில் எம்மோடு பயிற்சி பெற்றோர் மூவர். ஒருவர் ஈப்போவிலிருந்து வந்த சீனர்; ஒருவர் கிழக்குக் கரையிலுள்ள கோத்தா பாருவைச் சேர்ந்த மலாயர்; மற்றவர் கோலாலம்பூரிலேயே செந்தூல் என்னும் பகுதியிற் பிறந்த தமிழர். ஞாயிறுதோறும் நால்வரும் கூடி நகரைச் சுற்றிப் பார்ப்பதென முடிவாயிற்று. முதல் ஞாயிற்றுக்குரிய இடத்தைத் தெரிவு செய்யும் உரிமையை எமக்குத் தந்தனர். பாட்டனாரின் வீட்டைத் தேடிப் புறப்பட்டோம்.

பிறிக்பீல்ட்ஸ் என்ற பெயர் செங்கற் சூளைகளால் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து நகரை அழித்தமையால், இனி வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலுமே கட்டவேண்டும் என்று ஆங்கில ஆட்சியாளர் பணித்தனர். அக்கல்லைச் சுட்ட இடம் இது. பின்னர் புகையிரதப் பகுதியின் பெருமுற்றமும் ஊழியர் விடுதிகளும் இங்கே அமைந்தன. நாம் போனபொழுது அம்முற்றம் இருந்த இடத்திலே, 2001இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல் என்னும் மாபெரும் நிலையம் எழுந்து நின்றது. கந்தசுவாமி கோயிலின் வெளி வீதியில் முதியவர் ஒருவர், எமது நெற்றியையும் நடையையும் நோக்கி, "தம்பி எவடம்?" என்று வினவினார். ஊரைச் சொன்னோம். பாட்டனாரின் பெயரையும் சொன்னோம். பெயர் அவர் நினைவில் இல்லை. "அந்த வீடுகளெல்லாம் போட்டுது, தம்பி" என்றார்.

மனம் சோர்ந்து நின்ற எமது தோளிற் சீன நண்பர் கை வைத்தார். "உமது பாட்டனாரின் வீடுதான் இல்லை, அவர் நகரம் இருக்கிறதே! அடுத்த ஞாயிறு அதைக் காட்டுவோம்" என்றார்.

அடுத்த ஞாயிறு நகரின் பிறப்பிடத்திலிருந்து தொடங்கினோம். கொம்பாக், கிள்ளான் என்னும் இரு நதிகள் கூடும் முனை அது. கோலாலம்பூர் என்பதற்குச் சேறு படிந்த நதிமுகம் என்பது பொருள். 1857இல் வெள்ளீயம் தேடிப் படகேறி வந்த சீனத் தொழிலாளர் இம்முனையில் இறங்கிக் காட்டினுட் புகுந்தனர் என்பது வரலாறு. அம்முனையிலே 1909இல் எழுந்த ஜாமெக் பள்ளிவாசல் நிற்கின்றது. அதனை வரைந்த ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞரே 1910இல் முற்றுப்பெற்ற பழைய புகையிரத நிலையத்தையும் வரைந்தவர். பாட்டனார் சொன்ன குவிமாடங்கள் யாருடைய கற்பனையென்பதை அன்றே அறிந்தோம். பள்ளிவாசலின் நீர்த்தடாகத்தருகே மலாய் நண்பர் எமக்குத் தொழுகை முறையை விளக்கினார். அங்கிருந்து சிறிது நடந்து, நகரின் சீனத் தலைவராயிருந்த யாப் ஆ லோய் 1864இல் நிறுவிய கோயிலுக்குச் சென்றோம். ஊதுபத்திப் புகைக்கு நடுவே மூங்கிற் குவளையைக் குலுக்கிக் குறி பார்க்கும் விதத்தைச் சீன நண்பர் காட்டினார். பின்னர் 1873இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். அதே தெருவில், சற்று அப்பால், சீனரின் குவான் டி கோயிலும் உண்டு.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். இந்நாட்டிற் பிறந்து வளர்ந்த அம்மூவரும் ஒருவர் வழிபடும் இடத்தை மற்றவர் அதுவரை அருகிருந்து கண்டதில்லை. நாள்தோறும் கடந்து போயிருக்கின்றனர், நின்றதில்லை. மலாய் நண்பர் சீனர் கோயிலினுள் வரவில்லை. வாயிலில் எமது பாதணிகளுக்கும் பைகளுக்கும் காவலாய் நின்றார். ஆயினும் வெளியே வந்ததும், உள்ளே கண்டவற்றை ஒன்றுவிடாமற் கேட்டறிந்தார். அந்நியன் ஒருவன் உடனிருந்தமையால் மூவருக்கும் தம் நகரைக் கேள்வி கேட்க ஒரு சாட்டுக் கிடைத்தது போலும்.

இரவாயிற்று. நால்வரும் ஒருங்கே உண்ணத்தக்க இடம் எது? மலாய் நண்பருக்கு மார்க்க விதிப்படியான உணவு வேண்டும். எமக்குச் சைவ உணவு வேண்டும். இவ்வழக்கை அந்நகரில் தீர்த்துவைப்பது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் 'மாமாக் கடை'. இரவெல்லாம் திறந்திருக்கும் அக்கடையில் தட்டை ரொட்டியும் பருப்புக் குழம்பும், நுரை பொங்க உயர்த்தி ஆற்றிய பால்தேநீரும் கிடைக்கும். ஒரே மேசையில் அமர்ந்தோம். மகிழ்ச்சி மிகுந்தால் நாக்குக் காவல் இழக்கும் அன்றோ? பாட்டனாரின் பெருமையைச் சொல்லத் தொடங்கினோம். "அவர் இருப்புப்பாதையில் வேலை செய்த கூலிகளுக்கெல்லாம் பெயர் பதிந்து சம்பளக் கணக்கு எழுதியவர். 'கூலிகளோடு நமக்கென்ன பேச்சு' என்று சொல்வாராம்" என்று சிரித்தபடி சொன்னோம்.

செந்தூல் நண்பர் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். தமிழில், மெல்ல, "என் தாத்தா அந்தப் பாதையிலே சல்லிக்கல் கொட்டின கூலிதான்" என்றார். பின்பு ஆங்கிலத்துக்கு மாறி, மற்றை இருவரோடும் வேறு பேச்சுப் பேசலானார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அச்சொல்லை நாம் பகைமையாற் சொல்லவில்லை; சொல் வழமையாய் வீட்டிற் கிடந்தது, எடுத்துச் சொன்னோம். வீட்டிற் கிடந்ததென்பது குற்றத்தைக் குறைக்குமா, கூட்டுமா என்று இன்றுவரை எமக்குத் தெளிவில்லை. பாட்டனார் நாட்டில் மட்டுமா அச்சொல் வழங்கிற்று? நமது மலையகத்து உழைப்பாளரை நம் வீட்டு விறாந்தைகளில் எப்படி அழைத்தோம் என்பதையும் அவ்விரவிலேதான் முதன்முதல் எண்ணிப் பார்த்தோம்.

அடுத்த வாரம் முழுதும் நண்பர் அளவோடு பேசினார். வெள்ளிக்கிழமை மாலை அவரே வந்து, "ஞாயிறு செந்தூலுக்கு வா, என் ஆயா உன்னைப் பார்க்கவேணும்" என்றார்.

புகையிரத வண்டிகளைப் பழுது பார்க்கும் பெருந்தொழிற்சாலை செந்தூலில் இருந்தது. அதனைச் சூழ்ந்து வளர்ந்த தமிழர் குடியிருப்பு அது. பிறிக்பீல்ட்ஸிலிருந்து அதிக தூரமில்லை. முப்பதாண்டு அந்நகரில் வாழ்ந்த எமது பாட்டனாரின் வாயிலிருந்து செந்தூல் என்ற பெயரை நாம் ஒருமுறையேனும் கேட்டதில்லை. நண்பரின் ஆயா எமக்குத் தேநீர் தந்தார். "கிராணியார் பேரனா?" என்று கேட்டு, ஏற இறங்கப் பார்த்தார். பின், கசப்பின்றிச் சொன்னார்: "கிராணிமார் எங்க பக்கம் வரமாட்டாங்க, நாங்களும் அவங்க பக்கம் போகமாட்டோம். பத்துமலைக்கு மட்டும் எல்லாரும் வருவோம். அங்க கூட்டத்துல யாரு கிராணி, யாரு கூலி?"

யப்பானியர் காலத்தைப் பற்றியும் அவர் பேசினார். அக்காலத்தில் மரவள்ளிக்கிழங்கு உண்டு உயிர் தப்பிய கதையை எமது பாட்டனார் நூறு முறை சொல்லியிருக்கின்றார். ஆயின் 1942, 1943ஆம் ஆண்டுகளிற் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் இருப்புப்பாதை போடவென்று மலாயாத் தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாய்க் கொண்டு செல்லப்பட்டு மடிந்ததை அவர் சொன்னதில்லை. அந்த முதியவரின் கணவருக்கு மூத்தவர் அவ்வாறு சென்றவர், திரும்பவில்லை.

மாலையில் நால்வரும் பத்துமலை ஏறினோம். 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படும் தலம். 272 படிகள். இன்று படியடியில் நிற்கும் 140 அடி முருகன் சிலை 2006இல் திறந்துவைக்கப்பட்டது. நாம் போனபொழுது அது முற்றுப்பெற்றிருக்கவில்லை. பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றபொழுது, செந்தூல் நண்பரிடம் மன்னிப்புக் கேட்டோம். "உனக்குச் சொல்லித் தந்ததைச் சொன்னாய். இனி நீ சொல்லிக் கொடுக்கப் போவதைப் பார்த்துக்கொள்" என்றார். நாம் ஆசிரியராவோம் என்று அன்று எமக்கே தெரியாது.

இதனால் எமது பாட்டனாரைப் பழித்தோமென வாசகர் எண்ணலாகாது. மாதந்தோறும் காசுக்கட்டளை அனுப்பி, இரு தங்கையரைக் கரைசேர்த்து, நாம் பிறந்த வீட்டைக் கட்டியவர் அவர். ஊர் சுற்ற அவருக்குப் பொழுதும் இல்லை, பணமும் இல்லை. எமக்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அவரே விலை கொடுத்தவர். ஆயினும் முப்பதாண்டு வாழ்ந்த ஒரு பெருநகரிலிருந்து அவர் எமக்குக் கொண்டுவந்தது ஒரு தெருவை மட்டுமே. நம்மவரோடு மட்டும் வாழ்ந்தமையால் அவருக்குத் தீங்கு ஒன்றும் நேரவில்லை என்பது மெய். நமக்கு அருகிலேயே, நமது மொழி பேசிக்கொண்டே வாழ்ந்தவரைக்கூட அவர் அறியாது போனார் என்பதும் மெய்.

நேற்று அம்மாணவனைத் தொலைபேசியில் அழைத்து நாம் கூறியது இவ்வளவே: "தம்பி, உறவினர் வீட்டுக்குப் போ, கோயிலுக்கும் போ, இரவிற் காலத்தோடு அறைக்குத் திரும்பு. ஆனால் முதல் ஞாயிறன்று, உன்னோடு வேலை பார்ப்பவருள் நம் ஊரவர் அல்லாத ஒருவரிடம், 'உமது ஊரை எனக்குக் காட்டுவீரா?' என்று கேள். கால்நடையாகப் போ. எல்லாரும் சேர்ந்து உண்ணக்கூடிய கடையைத் தேடு. வீட்டிற் கேட்ட கதைகளைச் சொல்லுமுன் அவர்கள் கதையைக் கேள்."

தாயாருக்கும் ஒரு சொல். அம்மையீர், ஞாயிறு இரவு மகனோடு பேசும்பொழுது "சாப்பிட்டியோ?" என்று கேட்பீர்கள், அது தாயின் உரிமை. அதன்பின், "இண்டைக்கு ஆரோடை எங்கை போனாய்?" என்றும் கேளுங்கள். அவன் சொல்லும் பெயர்கள் உங்கள் வாயில் இலகுவில் நுழையாதனவாய் இருந்தால் அஞ்சவேண்டாம். ஒருமுறைக்கு இருமுறை கேட்டு, அப்பெயர்களைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.