கேம் விளையாட விண்டோஸ் மட்டும் தானா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் லினக்ஸ் என்று சொன்னால் உடனே இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "அதில் கேம் ஓடாது". இன்னொன்று, "அதில் படம் பார்க்க முடியாது". பகலில் லினக்ஸில் புரோகிராம் எழுதி, இரவில் அதே லினக்ஸில் கேம் விளையாடும் சாப்ட்வேர் இன்ஜினியர் நான். என் கருத்து இது: இரண்டாவது பதில் தவறு, முதல் பதில் பாதி தான் சரி. அந்தப் பாதி எது என்று தெரிந்தால் உங்கள் பணம் மிச்சமாகும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்து விட்டது. இன்டெல் 7ஆம் தலைமுறை மற்றும் அதற்கு முந்தைய பிராசசர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை. செகண்ட் ஹேண்டில் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரிடம் இருப்பது இவை தான். இதற்காக உடனே புதிய கம்ப்யூட்டர் வாங்க ஓட வேண்டாம்.

1993இல் தொடங்கிய ஒயின் என்ற புரோகிராம், விண்டோஸிடம் கேம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. அதை அடிப்படையாகக் கொண்ட புரோட்டானை வால்வ் நிறுவனம் 2018இல் தன் ஸ்டீம் சாப்ட்வேரில் சேர்த்தது. கேமின் டைரக்ட்எக்ஸ் கட்டளைகள் இதில் வல்கன் கட்டளைகளாக மாறுகின்றன. 2022இல் வந்த ஸ்டீம் டெக் கருவியும் லினக்ஸில் தான் இயங்குகிறது. தனியாக விளையாடும் கேம்களில் பெரும்பாலானவை இந்த வழியில் நன்றாகவே ஓடுகின்றன. வல்கன் வசதி இல்லாத மிகப் பழைய கிராபிக்ஸ் கார்டு என்றால் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

கேம் மெதுவாக ஓடினால் உடனே புதிய கார்டு வாங்க வேண்டாம். முதலில் ரெசல்யூஷனை 1920 x 1080லிருந்து 1280 x 720க்குக் குறைத்துப் பாருங்கள். கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்து விடும். விண்டோஸிலும் இது பொருந்தும்.

ஓடாத பாதி எது? ஆன்லைன் போட்டி கேம்கள் பல. வேலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாது. ஏமாற்றி விளையாடுபவர்களைப் பிடிக்கும் ஆன்டி-சீட் புரோகிராம் அங்கே தடையாக நிற்கிறது. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக் கொண்டிருந்தது. 2024 அக்டோபரில் அதை வெளியிட்ட நிறுவனமே நிறுத்தி விட்டது. ஆக, இங்கே குறை வேகத்தில் இல்லை. கதவைத் திறப்பதும் மூடுவதும் கேம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இந்த கேம்கள் தான் உங்களுக்கு உயிர் என்றால் விண்டோஸை விடாதீர்கள்.

படம் பார்ப்பதில் இந்தத் தொல்லை இல்லை. 1996இல் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் தொடங்கி, 2001 முதல் இலவச ஓப்பன் சோர்ஸாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயர், தேவையான கோடெக்குகளில் பெரும்பாலானவற்றைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. இதை இன்ஸ்டால் செய்தால் போதும், எம்பி4, எம்கேவி எல்லாம் ஓடும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது தான். விளையாடும் கேம்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதுங்கள். ஆன்டி-சீட் உள்ளவற்றைத் தனியே குறியுங்கள். பிறகு உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே இயக்கிப் பாருங்கள். வைஃபை, சவுண்ட், கிராபிக்ஸ் சரியாக வந்தால், முக்கிய பைல்களை பேக்கப் எடுத்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். புதிய கம்ப்யூட்டர் வேண்டுமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.