இரு கைகளிலும் இரத்த அழுத்தம் பார்க்கப்பட வேண்டும்

இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி மேலெழுந்து, வளைந்து, பின் கீழிறங்குகிறது. மூளைக்கும் கைகளுக்கும் செல்லும் பெரிய இரத்தக் குழாய்கள் அவ்வளைவிலிருந்தே பிரிகின்றன. முதியோரிடத்து இவ்வளைவு வீங்குவதற்கும் கிழிவதற்கும் உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், கொழுப்புப் படிவு ஆகியவை முக்கியக் காரணங்கள். அவற்றைப் பலரும் அறிவர். இளம்பெண்களை அதிகம் தாக்கும் மற்றொரு நோயைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

1908ஆம் ஆண்டு மிகிதோ தகாயாசு என்னும் ஜப்பானியக் கண் மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் மாலைபோல் பின்னியிருந்ததை விவரித்தார். அத்தகையோருக்கு மணிக்கட்டில் நாடி தட்டுப்படுவதில்லை என்பதைச் சக மருத்துவர்கள் சுட்டினர். அவர் பெயரால் வழங்கும் இத்தமனி அழற்சியில், உடலின் எதிர்ப்பாற்றல் தன் தமனிச் சுவரையே தாக்குகிறது. காசநோய்க் கிருமிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் நம் நாட்டில் நெடுநாளாக உண்டு, அது மெய்ப்பிக்கப்படவில்லை.

தொடக்கத்தில் காய்ச்சல், உடல் இளைப்பு, மூட்டுவலி, களைப்பு ஆகியவையே தோன்றும். மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின் தமனி தடித்துச் சுருங்குகிறது. கொடியில் துணி உலர்த்தக் கையை உயர்த்தினால் வலிக்கும், தலை சுற்றும். இந்தியரில் பலருக்குச் சிறுநீரகத் தமனிகளும் சுருங்குவதால் இரத்த அழுத்தம் மிக உயர்கிறது. ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சுருங்கிய கையில் அளந்தால் கருவி 110 காட்டும். அதே நேரத்தில் மறு கையில் 180 இருக்கலாம். கருவுற்ற பெண்ணிடம் இது தவறவிடப்பட்டால் இரு உயிர்களுக்கும் கேடு.

ஆகவே முதல் வருகையில் இரு கைகளிலும் அழுத்தம் அளக்கப்பட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வேறுபாடு 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். புறநோயாளிப் பிரிவின் நெரிசலைச் சிலர் காரணமாகச் சொல்வர். கூடுதலாக ஆவது இரண்டு நிமிடமே. அதை நாங்கள் ஏற்பதில்லை. இரு கைகளிலும் நாடி மெலிந்திருந்தால் காலில் அளக்கலாம்.

ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்புகிறது என்று, சொல்லாமலே அதை நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. அவர்தம் மனவருத்தம் எங்களுக்குப் புரிகிறது. எனினும் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அழற்சியும் மீண்டும் மூளும். அளவைப் படிப்படியாகக் குறைக்கவும் துணை மருந்து சேர்க்கவும் வழியுண்டு. சுருக்கத்தைப் பலூனால் விரிப்பதும் அறுவை செய்வதும் இயன்றவரை அழற்சி தணிந்த பின்னரே நலம் தரும்.

எந்தக் கையில் அல்லது காலில் அளப்பது சரி என்பதைச் சிகிச்சைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதித் தருமாறு கேளுங்கள். வேறு மருத்துவமனைக்கோ பிரசவத்திற்கோ செல்லும்போது அப்பக்கத்தை முதலில் காட்டுங்கள்.