ஊர்ச் சரித்திரம்

பானிப்பட்டின் முதற் போர் எவ்வாண்டில் நிகழ்ந்தது என்று நம் மாணவர் ஒருவரை வினவின், 1526 எனத் தயங்காது விடை பகர்வார். அவரையே நோக்கி, ‘நும் ஊர்க் கண்மாயை வெட்டுவித்தவர் யார்? நும் தெருவிற்கு அப்பெயர் வந்ததேன்?’ என்று கேட்பின், வாளா நிற்பார். இக்குறை மாணவருடையது மட்டுமன்று, நம் எல்லோருடையதுமாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பத்து மைலுக்குட்பட்ட தொலைவில் அமைந்த ஊர்கள் இவை. முன்னதைச் சொன்ன மாத்திரத்தில் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரமும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும் நினைவிற்கு வரும். பின்னதைச் சொன்னால் வெண்ணிற வேட்டை நாயும் நூலாலைகளும் தோன்றும். இவ்வளவே இவ்வூர்களின் சரித்திரமாகுமோ?

இவ்வூர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, ஜில்லாவின் எல்லைகள் பெயர்ந்தன. 1910 வரை இவை திருநெல்வேலியைச் சார்ந்திருந்தன; அவ்வாண்டில் புதிதாய் அமைந்த இராமநாதபுரம் ஜில்லாவிற் சேர்ந்தன; 1985-இல் அதுவும் பிரிந்து, இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. ஆதலின் இவ்வூர்களைப் பற்றிய செய்திகள் மூன்று மாவட்டத்து ஏடுகளிற் சிதறிக் கிடக்கின்றன. கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தை விருதுநகரார் அயலூர்க் கதையென ஒதுக்குவர். நெல்லையாரோ இவ்வூர்கள் தம் எல்லைக்குள் இல்லையென விடுப்பர். செவிலியர் மூவர் இருந்தும் பசித்திருக்கும் மகவின் நிலை இதுவன்றோ!

எனவே, ஊர்ச் சரித்திரத்தை அவ்வூராரே எழுதுதல் வேண்டுமென்பது நம் கருத்து. ஆயின் அதில் ஓர் இடருமுண்டு. சொந்த ஊரைப்பற்றி எழுதப் புகுவார் குலப்பெருமை பேசி முடித்துவிடுதல் எளிது. இராஜபாளையத்திற் பிறந்து, 1949 முதல் 1952 வரை சென்னை அரசின் தலைமை அமைச்சராய் விளங்கிய குமாரசாமி ராஜா அவர்களைப் போற்றுவது தக்கதே. 1936-இல் இராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்த இராமசாமி ராஜா அவர்களின் பெயரும் நிலைபெற்றுவிட்டது. ஆனால் அவ்வாலையில் முதன்முதல் நூல் நூற்ற தொழிலாளர் எவ்வெச் சிற்றூரிலிருந்து வந்தனர், என்ன கூலி பெற்றனர் என்பதை யார் எழுதி வைத்தார்? கோபுரத்தை எழுப்பியவன் புகழ் பேசுவோர், அதற்குக் கல் சுமந்தாரை நினைப்பதுண்டோ? இவர்களையும் கூறாத நூல் ஊர்ச் சரித்திரம் ஆகாது.

நம் மாணவர் செய்தற்குரியது கடினமன்று. விடுமுறையில் ஊர் செல்லுங்கால், முதியோர் ஒருவரையேனும் அணுகி, அவர் கூறுவனவற்றை நாளிட்டு எழுதுக. வீட்டிலுள்ள பழம்பத்திரங்களைப் பெயர்த்தெழுதுக. கேள்விப்பட்டதையும் கண்ணாற் கண்டதையும் வேறு வேறாகக் குறிக்க. கல்வெட்டுக்கள் இன்னும் சில காலம் பொறுத்திருக்கும்; முதியோர் நமக்காகக் காத்திரார். அவ்வாறு எழுதிய ஏடுகள் நம் கல்லூரி நூல்நிலையத்தை அடையின், பின்வருவோர் நம்மை நன்றியுடன் நினைப்பர் என்பதில் ஐயமில்லை.